பக்கத்து பெஞ்ச் பையனுக்கு மஞ்சள் காமாலை: என் மகனுக்கும் வருமா?

வாசகியின் கடிதம், சுருக்கமாக: “டாக்டர், நாங்கள் மும்பை தாராவியில் 90 அடி ரோட்டுப் பக்கம் இருக்கிறோம். பூர்வீகம் திருநெல்வேலி. மகன் ஐந்தாம் வகுப்பு, பத்து வயது. இந்த ஒரே வாரத்தில் அவன் வகுப்பில் மூன்று பிள்ளைகளுக்கு மஞ்சள் காமாலை. அதில் ஒருவன் இவனோடு ஒரே பெஞ்ச். ஜூலை 15 அவனுக்குக் கண் மஞ்சளாகியிருக்கிறது, 16 வரை பள்ளிக்கு வந்திருக்கிறான். அவனுக்கு மட்டும் ரத்தம் எடுத்துப் பார்த்து ஹெபடைட்டிஸ் ஏ என்று சொன்னார்களாம். என் இரண்டு பிள்ளைகளுக்கும் பிறந்த உடனே மஞ்சள் காமாலை ஊசி போட்டாச்சு. அப்படியும் வருமா? மகளுக்கு நான்கு வயது. வீட்டில் மாமியாரும் ஏழு மாதக் கர்ப்பிணியான நாத்தனாரும் இருக்கிறார்கள். மாமியார் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார். அந்தப் பையன் வீடு அடுத்த சந்துதான். அவனோடு சேரக்கூடாது என்று மகனிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன். வேறு என்ன செய்யவேண்டும்?”

அன்புள்ள சகோதரிக்கு,

இந்தப் பதிலை உங்களுக்கு நேரடியாக அனுப்பிவிட்டு அப்புறம்தான் இங்கே வெளியிடுகிறேன். இதில் நாள் கணக்கு உண்டு. அதனால் முதல் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜூலை 30-க்குள் உங்கள் மகனுக்கு ஹெபடைட்டிஸ் ஏ தடுப்பூசி போட்டுவிடுங்கள். 30 என்பது கடைசி நாள். நாளைக்கே முடிந்தால் நாளைக்கே போடுங்கள்.

“போட்டாச்சே” என்கிறீர்கள். இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் இல்லை. என்னிடம் வரும் தாய்மார்களில் பாதிப் பேர் தடுப்பூசி அட்டையைக் காட்டி இதையேதான் சொல்வார்கள். பிறந்த உடனே போட்டதும், 6, 10, 14 வாரங்களில் ஐந்து நோய்க்கான ஊசியோடு சேர்த்துப் போட்டதும் ஹெபடைட்டிஸ் பி-க்கானவை. அது ரத்தம் வழியாகவும் தாயிடமிருந்து பிள்ளைக்கும் பரவுகிற கிருமி. இப்போது உங்கள் வகுப்பறையில் இருப்பது ஏ. ஒருவருடைய மலத்திலிருந்து இன்னொருவர் வாய்க்குப் போகிறது, தண்ணீர் வழியாகவோ கை வழியாகவோ. கேட்க அருவருப்பாக இருந்தாலும் அதுதான் பாதை. இரண்டுமே கல்லீரலைத் தாக்கும், இரண்டுக்கும் நாம் மஞ்சள் காமாலை என்றுதான் சொல்கிறோம், ஆனால் ஒன்றின் ஊசி மற்றதைத் தடுக்காது. 1990-களின் தொடக்கத்தில் தாய்லாந்தின் கம்பெங் பெட் பகுதியில் சுமார் 40,000 பள்ளிப் பிள்ளைகளுக்கு ஊசி போட்டுப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு ஏ ஊசி. மீதிப் பேருக்கு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, பி ஊசி. ஏ ஊசி போட்டவர்களுக்கு 94 சதவீதம் பாதுகாப்பு கிடைத்தது. ஏ ஊசி அரசின் இலவச அட்டவணையில் இல்லை என்பதால்தான் உங்கள் அட்டையிலும் இல்லை.

நோயாளியோடு பழகிய பிறகு போட்டாலும் பலன் உண்டா என்றால், 14 நாட்களுக்குள் போட்டால் உண்டு. கஜகஸ்தானில் நோயாளிகளோடு நெருங்கிப் பழகியவர்களுக்கு இரண்டு வாரத்துக்குள் ஊசி போட்டுப் பார்த்தார்கள். 2007-ல் வெளிவந்த முடிவின்படி ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 4.4 பேருக்குத்தான் நோய் வந்தது. உங்கள் மகனின் நண்பன் கடைசியாகப் பள்ளிக்கு வந்தது 16-ம் தேதி. அதிலிருந்து 14 நாள் எண்ணித்தான் 30 என்றேன். கடையில் இரண்டு வகை ஊசி கிடைக்கும். உயிரற்ற கிருமியில் செய்ததை ஆறு மாத இடைவெளியில் இரண்டு முறை போடவேண்டும். வீரியம் குறைத்த உயிருள்ள கிருமியில் செய்தது ஒரே ஊசி. பழகிய பிறகு போடுவதற்கு முதல் வகைக்குத்தான் சான்று அதிகம், அதையே கேளுங்கள்.

தனியாரில் ஒரு ஊசியே பெரும்பாலும் ஆயிரம் ரூபாயைத் தாண்டும். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே மாதத்தில் என்றால் கஷ்டம்தான், எனக்குத் தெரியும். இரண்டு பேருக்கும் போட முடிந்தால் போடுங்கள். ஒருவருக்குத்தான் முடியும் என்றால் பெரியவனுக்கு முதலில். தாய்மார்கள் பொதுவாகச் சின்னதைத்தான் முதலில் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஆனால் இந்தக் கிருமி வயதைப் பார்த்து நடந்துகொள்ளும் கிருமி. ஆறு வயதுக்குக் கீழே பத்துக் குழந்தைகளுக்குத் தொற்றினால் ஏழு குழந்தைகளுக்கு எந்த அறிகுறியும் தெரியாது. மீதி மூன்றுக்கும் இரண்டு நாள் காய்ச்சல், கொஞ்சம் வயிற்றுப்போக்கு, அவ்வளவோடு போய்விடலாம். கண் மஞ்சளாவதே அபூர்வம். அதே கிருமி பெரிய பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் தொற்றினால் பத்தில் ஏழு பேருக்கு மேல் மஞ்சளாகப் படுத்துவிடுவார்கள்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். உங்கள் மாமியார் ஏன் “நாங்க எல்லாம் ஆத்துத் தண்ணியைத்தானே குடிச்சு வளர்ந்தோம், எங்களுக்கு என்ன வந்துச்சு” என்று கேட்கிறார் என்பதற்கு இதில் பதில் இருக்கிறது. (கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை, ஆனால் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். என் அம்மாவும் கேட்டார்.) அவர்களுக்கும் வந்தது. இரண்டு, மூன்று வயதில், யாருக்கும் தெரியாமல் வந்துவிட்டுப் போனது. ஒருமுறை வந்தால் ஆயுள் முழுக்க எதிர்ப்பு சக்தி நிற்கும்.

டெல்லியில் 1955 கடைசியில் நடந்ததைப் பாருங்கள். நஜஃப்கர் நாலா என்ற பெரிய கால்வாயின் சாக்கடை யமுனையில் பின்னோக்கி வந்து, வசீராபாத்தில் நகரத்துக்குத் தண்ணீர் எடுக்கும் இடத்தில் கலந்துவிட்டது. சில வாரங்களில் சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை. ஹெபடைட்டிஸ் ஏ-யின் பெரிய கொள்ளைநோய் என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். எடுத்து வைத்திருந்த ரத்த மாதிரிகளைப் பிற்காலத்தில் சோதித்தபோது அது ஏ இல்லை என்று தெரிந்தது. இப்போது அதை ஹெபடைட்டிஸ் ஈ என்கிறோம். அத்தனை சாக்கடை குடிதண்ணீரில் கலந்தும் ஏ ஏன் பெரியவர்களைப் படுக்கப்போடவில்லை? ஏறக்குறைய எல்லாருக்கும் குழந்தையிலேயே அது வந்து போயிருந்தது.

உங்கள் மகன் காலம் வேறு. வீட்டில் வடிகட்டி, பாட்டில் தண்ணீர், சோப்பு எல்லாம் வந்துவிட்டது. கிருமியைச் சின்ன வயதில் சந்திக்காமலேயே பத்து, பதினைந்து வயதுவரை வந்துவிடுகிறார்கள். அது நல்லதுதான், நீங்கள் பார்த்துப் பார்த்து வளர்த்ததன் பலன். ஆனால் வீட்டுக்குள் வந்த சுத்தம் சந்தில் ஓடும் கட்டருக்கும் (சாக்கடைக்கும்) பள்ளி டாய்லெட்டுக்கும் இன்னும் வரவில்லை. அதனால் பிள்ளைகள் இந்தக் கிருமியை முதல்முறையாகச் சந்திப்பது நோய் கடுமையாகிற வயதில். வளரும் நாடுகளின் நகரங்களில் எல்லாம் இதேதான் நடந்துகொண்டிருக்கிறது. பக்கத்தில் கேரளத்தில், படித்த, சுத்தமான ஊர்களில், சமீப வருடங்களில் பெரியவர்கள்கூட இதில் இறந்திருக்கிறார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கு இந்த ஊசி தேவையில்லை, அவர்களுக்குத் தானாகவே எதிர்ப்பு வந்துவிடும் என்று என் சக மருத்துவர்களில் சிலர் இன்னும் சொல்கிறார்கள். தாராவிப் பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கு இனி பொருந்தாது என்பது என் கருத்து. சின்னதில் வந்துவிடும் என்ற நிச்சயமும் போய்விட்டது, வராது என்ற நிச்சயமும் கிடையாது.

அப்புறம், அந்தப் பையன் விஷயம். சேரக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள். உங்கள் பயம் புரிகிறது. ஆனால் இந்த நோயில் கிருமி மலத்தில் அதிகமாக வெளியேறுவது கண் மஞ்சளாவதற்கு முந்தைய ஒன்று, இரண்டு வாரங்களில். அப்போது அவன் உங்கள் மகனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டிபனைப் பகிர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான், யாருக்கும் ஒன்றும் தெரியாது. மஞ்சள் தெரிந்த பிறகு ஒரு வாரத்தில் பெரும்பாலும் தொற்றும் காலம் முடிந்துவிடும். 15-ம் தேதி மஞ்சளானவனை 22-க்குப் பிறகு ஒதுக்கி வைப்பதில் மருத்துவ ரீதியாக ஒரு லாபமும் இல்லை. கண்ணில் மஞ்சள் இன்னும் சில வாரம் இருக்கலாம், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஒரு பன்னிரண்டு வயதுப் பெண், காமாலை சரியாகிப் பள்ளிக்குத் திரும்பிய அன்று, பெஞ்சில் தனியாக உட்கார வைத்தார்கள் என்று என் முன்னால் அழுதது எனக்கு மறக்கவில்லை. உங்கள் மகனிடம் சொல்லிவிடுங்கள், பேசட்டும், விளையாடட்டும். ஒரே டம்ளரும் ஒரே துண்டும் மட்டும் கொஞ்ச நாள் வேண்டாம்.

நீங்கள் கண் வைக்கவேண்டியது வேறு இடத்தில். மூன்று பிள்ளைகளும் ஒரே வாரத்தில் மஞ்சளானார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். கிருமி உள்ளே போய் நோய் தெரிய 15 முதல் 50 நாள் ஆகும், சராசரியாக 28 நாள். ஒருவனிடமிருந்து ஒருவனுக்கு வந்திருந்தால் நடுவில் ஒரு மாத இடைவெளி இருந்திருக்கும். மூவரும் சேர்ந்து விழுந்தார்கள் என்றால், ஏறத்தாழ ஒரே நேரத்தில், ஒரே இடத்திலிருந்து உள்ளே போயிருக்கிறது என்று சந்தேகப்படவேண்டும். ஜூலை 15-லிருந்து நான்கு வாரம் பின்னால் போனால் ஜூன் 17. பள்ளி திறந்த முதல் நாட்கள், மும்பையில் மழை பிடிக்கிற நேரம். வீட்டில் எல்லாரும் முந்தின நாள் தின்ற பானிபூரியைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். தேடவேண்டியது ஜூன் மாதத்துத் தண்ணீரை.

பாண்டுப்பில் இருக்கும் மாநகராட்சி நிலையத்தில் சுத்திகரித்து அனுப்பும்போது தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது. கெடுவது வழியில். நம் பக்கம் குழாயில் தண்ணீர் வருவது நாளுக்குச் சில மணி நேரம். மீதி நேரம் குழாய் காலி. கட்டருக்குள்ளேயும் கட்டரை ஒட்டியும் போகிற அந்தக் குழாயில் ஒரு விரிசல் இருந்தால், காலியாக இருக்கும்போது சாக்கடை உள்ளே கசியும். ஒவ்வொரு வீட்டிலும் மோட்டார் வைத்து இழுக்கும்போது அதையும் சேர்த்து இழுக்கும். பள்ளியில் தரைக்கடியில் தொட்டி இருந்து, மழையில் அதற்குள் சாக்கடை இறங்கியிருந்தால் ஒரே நாளில் ஒரு பள்ளிக்கே போதும். பார்க்கத் தண்ணீர் தெளிவாகவே இருக்கும். ஒரு மில்லிமீட்டர் இடத்தில் இந்தக் கிருமி முப்பதாயிரத்துக்கு மேல் வரிசையாக நிற்கும். வேட்டித் துணியை நான்காக மடித்துக் கட்டினாலும் நிற்காது.

ஆகவே நீங்கள் தனியாகப் போகாமல் நாலு அம்மாக்களாகச் சேர்ந்து தலைமை ஆசிரியரைப் பாருங்கள். சண்டை போடவேண்டாம். தொட்டியைக் காலி செய்து கழுவி, குளோரின் போட்டு, குடிக்கிற குழாயிலிருந்து தண்ணீர் எடுத்துச் சோதிக்கவேண்டும். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்கவேண்டும் என்பது கணக்கு. டாய்லெட் பக்கத்தில் தண்ணீரும் சோப்பும் எப்போதும் இருக்கவேண்டும். சானிடைசர் பாட்டில் வைத்துவிட்டோம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கொரோனாவுக்குச் சரியாக இருந்த அது இந்தக் கிருமியைச் சரியாகக் கொல்லாது, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவித்தான் போக்கவேண்டும். மூன்று பிள்ளைகளின் பெயரையும் மாநகராட்சி சுகாதார நிலையத்தில் சொல்லச் சொல்லுங்கள். தண்ணீர் நாறுகிறது, கலங்குகிறது என்றால் 1916-க்கு போன் செய்து புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பகுதி ஜி நார்த் வார்டில் வரும்.

வீட்டில் குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் போதும், கிருமி செத்துவிடும். பத்து நிமிடம், இருபது நிமிடம் வைப்பவர்கள் கேஸ் தீரும் என்று பயந்து நான்காம் நாளே விட்டுவிடுகிறார்கள். ஒரு நிமிடம் வைத்து, மழைக்காலம் முழுக்க வையுங்கள். மூடி வைத்து, கைப்பிடி உள்ள கரண்டியால் எடுங்கள். கையை விட்டு மொண்டால் அத்தனையும் வீண். ஐஸ் வேண்டவே வேண்டாம், உறைந்தால் இந்தக் கிருமி சாகாது. பர்ஃப் கோலா (குச்சியில் செருகிய ஐஸ் உருண்டை), ஐஸ் போட்ட கரும்பு ஜூஸ் இரண்டையும் சொல்கிறேன். காமாலைக்குக் கரும்பு ஜூஸ் நல்லது என்று நோய்ப்பிள்ளைக்கே தெருவண்டியில் வாங்கிக் கொடுக்கிறார்கள், பார்த்துப் பார்த்து எனக்கு மனசு வலிக்கிறது.

உங்கள் நான்கு வயது மகளைப் பற்றி நீங்கள் ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். பரவல் என்று பார்த்தால் வீட்டில் அவள்தான் முக்கியம். அவளுக்குத் தொற்றினால் பெரும்பாலும் உங்களுக்குத் தெரியாது, ஓடி விளையாடிக்கொண்டிருப்பாள், ஆனால் வாரக்கணக்கில் மலத்தில் கிருமி போகும். அவளைக் கழுவிவிட்ட கையால் சாதம் பிசைவது நீங்கள்தான். பொதுக் கழிப்பிடத்தில் வரிசை நீளம் என்று சின்னப் பிள்ளைகளைக் கட்டர் ஓரத்தில் உட்கார வைப்பது நம் சந்துகளில் வழக்கம். இந்த ஒன்றரை மாதமாவது வேண்டாம். சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்து மலம் கழிக்கும் பிளாஸ்டிக் சட்டி ஒன்றை வீட்டில் வாங்கி வைத்து, அதைக் கழிப்பிடத்தில் கொட்டிக் கழுவுங்கள். ஒவ்வொரு முறையும் உங்கள் கைக்கு சோப்பு.

மாமியாரைப் பற்றிக் கவலை வேண்டாம், அவருக்கு ஏற்கனவே வந்து போயிருக்க வாய்ப்பு மிக அதிகம். நாத்தனாரைப் பற்றித்தான் கவலை. மூன்றில் ஒரு பிள்ளைக்குத்தான் எந்தக் காமாலை என்று பார்த்திருக்கிறார்கள். சாக்கடைத் தண்ணீரில் ஏ-யோடு ஈ-யும் வரலாம். கடைசி மூன்று மாதத்தில் இருக்கும் கர்ப்பிணிக்கு ஈ வந்தால் ஐந்தில் ஒருவர்வரை உயிருக்கே ஆபத்து. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, காமாலையில் எல்லாம் ஒன்றுதான் என்று விட்டுவிடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். அவர் குடிப்பது, பல் துலக்குவது, பழம் கழுவுவது எல்லாம் கொதித்து ஆறிய தண்ணீரில்தான். சோறு வாசனை குமட்டுகிறது, சிறுநீர் கட்டன் டீ மாதிரி போகிறது என்றால், மசக்கை என்று சொல்லிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே மகப்பேறு மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

கீழாநெல்லி. நானும் அதைக் குடித்து வளர்ந்தவன்தான், மாமியாரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். 1988-ல் சென்னை ஆராய்ச்சியாளர்கள் ஹெபடைட்டிஸ் பி-க்கு அதைக் கொடுத்துப் பார்த்து நம்பிக்கை தருகிற முடிவை வெளியிட்டார்கள். பிறகு மற்ற இடங்களில் செய்தபோது அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. ஹெபடைட்டிஸ் ஏ எதைக் கொடுத்தாலும், எதைக் கொடுக்காவிட்டாலும், பெரும்பாலும் சில வாரங்களில் தானே குணமாகிற நோய். அதனால் எந்த வைத்தியத்துக்கும் பேர் கிடைத்துவிடும். எனக்கு இருக்கிற பயமே வேறு. கீழாநெல்லியை அரைக்கிற அம்மியும் கலக்குகிற மோரும் எந்தத் தண்ணீரில்? நோய் வராமல் இருக்க அதைக் கொடுத்துவிட்டு, ஊசி போடாமல் 30-ம் தேதியைத் தாண்டிவிடுவீர்களோ என்பது இரண்டாவது பயம். கண்ணில் சாறு விடுவது, மூக்கில் விடுவது, சூடு போடுவது இதற்கெல்லாம் கண்டிப்பாகச் சம்மதிக்காதீர்கள்.

ஊசி போட்டும் வரலாம். ஜூன் தண்ணீரிலேயே உங்கள் மகனுக்கும் போயிருந்தால் ஊசி பிந்திவிட்டது என்று அர்த்தம். அப்படி வந்தாலும் பயந்து நடுங்கவேண்டாம், பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் முழுக்கக் குணமாகிவிடுவார்கள், கல்லீரலில் தங்கிவிடுகிற நோய் இல்லை இது. முதலில் காய்ச்சல், வாந்தி, சாப்பாட்டைக் கண்டால் வெறுப்பு. அப்புறம் சிறுநீர் கடுமஞ்சள், அதன் பிறகு கண். பத்தியம் என்று உப்பையும் எண்ணெயையும் நிறுத்திப் பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள். இட்லி, தயிர்சாதம், பருப்பு, வாழைப்பழம், அவனுக்கு எது இறங்குகிறதோ அது, கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை. காய்ச்சலுக்கு பாராசிட்டமால்கூட மருத்துவரைக் கேட்டு அளவோடுதான். கடையில் விற்கும் ‘லிவர் டானிக்’குக்குச் செலவழிக்கவேண்டாம், அந்தக் காசை ஊசிக்கு வையுங்கள்.

ஆனால் வாந்தி நிற்கவே இல்லை, பகலெல்லாம் தூங்கி இரவெல்லாம் விழித்திருக்கிறான், பேச்சு குழறுகிறது, ஆளை அடையாளம் தெரியவில்லை, ஈறில் மூக்கில் ரத்தம் வருகிறது என்றால், இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. நடுராத்திரி ஆனாலும் சயான் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே பி.டி. ஐ.என்.ஆர். என்று ஒரு ரத்தப் பரிசோதனை எடுப்பார்கள். கல்லீரல் வேலை செய்கிறதா இல்லையா என்று, ரத்தத்தில் மஞ்சள் எவ்வளவு என்று காட்டும் பிலிருபின் அளவைவிட அதுதான் சரியாகச் சொல்லும். இப்படி ஆவது அபூர்வம், ஆயிரத்தில் ஓரிருவருக்கு. ஆனால் அந்த ஓரிருவரில் பலரை நாங்கள் பார்ப்பதே இரண்டு, மூன்று நாள் தாமதமாகத்தான்.

சமையலறை காலண்டரில் நான்கு தேதியை வட்டம் போட்டு வையுங்கள். ஜூலை 30, ஊசிக்கு. ஆகஸ்ட் 6, ஜூன் தண்ணீரிலிருந்து வருவதாக இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். ஆகஸ்ட் 13, நண்பனிடமிருந்து தொற்றியிருந்தால் பெரும்பாலும் தெரிகிற சமயம். செப்டம்பர் 4, அதுவும் தாண்டிவிட்டால் இந்தக் கவலையை விடலாம். அதுவரை தினமும் காலையில் அவனை ஜன்னல் பக்கம் நிறுத்திக் கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். டியூப்லைட்டில் பார்த்தால் மஞ்சள் தெரியாது. ஊசி போட்டதும் அட்டையில் தேதியையும் மருந்தின் பெயரையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், ஜனவரி கடைசியில் இரண்டாவது ஊசிக்கு அது வேண்டியிருக்கும்.